ஓட்மீலின் பிள்ளைகள்

மார்லிஸ் வெஸ்ட்ராவிடம் அந்தப் பாம்பு வந்து சேர்ந்ததற்கு ஒரு வியாபாரியின் கவனக்குறைவுதான் காரணம். டெ மாய்ன் நகரத்தில் ஊர்வனக் கண்காட்சி முடியும் நேரம். எல்லோரும் மேசைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஓரத்து மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாதாரணப் பந்துப் பாம்புக் குட்டிகள் பின்னிக்கொண்டு கிடந்தன. பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும் சின்ன மலைப்பாம்புகள். எல்லாம் பழுப்பும் கறுப்புமாக ஒரே மாதிரி. நடுவே ஒன்று மட்டும் சாயம் போன சட்டைபோல் வெளிறியிருந்தது.

“இதுக்கு என்ன ஆச்சு?” என்றாள் மார்லிஸ்.

“தோல் உரிக்கப் போகுது, அதான் மங்கிக் கெடக்கு. ரெண்டு நாள்ல மத்ததுங்க மாதிரி ஆயிடும்,” என்றான் வியாபாரி, நாற்காலியை மடக்கிக்கொண்டே.

தோல் உரிக்குமுன் பாம்பு மங்குவது உண்மைதான். ஆனால் அப்போது கண்ணிலும் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடும். இந்தக் குட்டியின் கண்கள் கறுப்பு மணிகளாகத் தெளிவாக இருந்தன. மார்லிஸ் பணப்பையைத் திறந்தாள். சாதாரணக் குட்டிக்கு உண்டான விலையைக் கொடுத்துவிட்டு, துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

குட்டி தோலை உரித்தது. உரித்த பிறகும் அதே நிறம். வைக்கோலும் சாம்பலும் கலந்த வெளிர் நிறம், திட்டுகளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய செம்புக் கோடு. தினமும் காலையில் தான் குடிக்கும் ஓட்ஸ் கஞ்சிதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓட்மீல் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

மார்லிஸ் கிராமப்புறத் தபால்காரி. சோளக்காடுகளுக்கு நடுவே செல்லும் சரளைக்கல் பாதைகளில், பாதையோரப் பெட்டிகளுக்குக் கை எட்டும்படி வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜீப்பில் போய், ஒவ்வொரு பண்ணையின் வாசல் பெட்டியிலும் தபாலைப் போடுவாள். வசந்த காலத்தில் கோழிக்குஞ்சுகள் பெட்டி பெட்டியாகத் தபாலில் வரும். ஜீப் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தமாக இருக்கும். பாம்பைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தராது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமுண்டு. கல்யாணம் ஒன்று நடந்து, சில வருடம் ஓடி, பெரிய சண்டை எதுவுமில்லாமல் முடிந்துபோயிருந்தது. பிள்ளைகள் இல்லை. வீட்டின் நிலவறையில் இழுப்பறை அடுக்குகளில் வரிசை வரிசையாகப் பாம்புகள் இருந்தன. வாழைப்பழ மஞ்சளில் சில, வெள்ளையில் பழுப்புத் திட்டு தெறித்தாற்போல் சில, இலவங்கப்பட்டை நிறத்தில் சில. எந்த ஆணோடு எந்தப் பெண்ணைச் சேர்த்தால் என்ன நிறம் பிறக்கும் என்று யோசிப்பது, மற்றவர்கள் தோட்டம் போடுவதைப்போல அவளுக்கு.

அக்கா ஜோலீனுக்கு இது பிடிக்காது. அவர்கள் வாழ்ந்தது டச்சுக்காரர்கள் குடியேறிய சிற்றூர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜோலீன் முன் வரிசையில் உட்காருகிறவள்.

“வேதத்துல மனுஷன் கெட்டதே பாம்பாலதான்டி. அதப் போய்க் கலர் கலரா பொறிக்க வைக்கிறியே.”

“அந்தப் பாம்பு பேசிச்சுக்கா. என்னோடதுங்க வாயே தொறக்காதுங்க.”

“நல்லவேளை. தொறந்தா உன் நிலவறையில நடக்கிறதெல்லாம் வெளிய வந்துடும்.”

இந்த விஷயத்தில் மார்லிஸுக்குத் துணை லைல் பக்மன் ஒருவன்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருந்தான். பெரிய வயிறு, பெரிய குரல். கண்காட்சிகளில் இருவரும் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவன் பேசுவான், அவள் பாம்பைக் காட்டுவாள். ஓட்மீலை முதலில் பார்த்தபோது அந்தப் பெரிய குரலே அடங்கிவிட்டது.

“மார்லிஸ், இது எதோட கலப்பும் இல்ல. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல.”

“நானும்தான்.”

“இது பிள்ளைங்களுக்கு எறங்குமா?”

“அத நாமதான் கண்டுபிடிக்கணும்.”

கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. சில நிறங்கள் முதல் தலைமுறையிலேயே வந்துவிடும். சில நிறங்கள் ஒளிந்துகொள்ளும். தாத்தாவின் மூக்கு மகனிடம் வராமல் பேரனிடம் வருவதுபோல, பிள்ளைகளிடம் தென்படாமல் ரத்தத்தில் மட்டும் இருந்து, அப்பா அம்மா இருவரிடமும் இருந்தால்தான் வெளியே வரும். ஓட்மீல் வளர்ந்ததும் பழுப்பு நிறப் பெண் பாம்பு ஒன்றோடு சேர்த்தாள். பிறந்த குட்டிகள் எல்லாமே சாதாரணப் பழுப்பு. லைல் தலையில் கைவைத்துக்கொண்டான். மார்லிஸ் மட்டும் அசையவில்லை. ஆண் குட்டிகளை விற்றுவிட்டு, இரண்டு பெண்களில் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை லைலிடம் வளர்க்கக் கொடுத்தாள். பெண் பாம்பு முட்டை வைக்கிற உடம்புக்கு வளர வருடங்கள் ஆகும். அதன் பிறகு அவற்றைத் திரும்ப ஓட்மீலோடு சேர்க்க வேண்டும். நிறம் ஒளிந்திருந்தால் அப்போது வெளியே வரும். இல்லையென்றால் அது ஓட்மீலோடு போய்விடும்.

அந்த வருடங்களில் ஓட்மீல் அவளுடைய செல்லமாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தால் அவள் சட்டைக் கைக்குள் நுழைந்து முழங்கையில் சுற்றிக்கொள்ளும். அதற்குக் குறி மட்டும் சுத்தமாக வராது. உறைந்த எலியை வெந்நீரில் சூடாக்கி இடுக்கியில் பிடித்துக் காட்டினால், மற்ற பாம்புகள் ஒரே பாய்ச்சலில் கவ்வும். இது இடுக்கிக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பாய்ந்து, சில சமயம் டப்பாவின் சுவரிலேயே முட்டிக்கொண்டு, பிறகுதான் பிடிக்கும். லைல் இதைப் பார்ப்பதற்கென்றே வருவான்.

“இவன் காட்டுல பொறந்திருந்தா பட்டினிதான். கண்ணாடி வாங்கிக் குடு.”

“அவசரப்படாத ஆளு அவன். நிதானமா சாப்பிடுவான்.”

நிறம் நிலைத்தால் அந்தப் புது நிறத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. மார்ச் என்று வைக்கப் போவதாகச் சொன்னாள். பனி உருகி, போன வருடத்துச் சோளத்தட்டைகள் வெளுத்துப்போய் வயலெங்கும் நிற்கும் மார்ச் மாதம். ஜீப்பின் ஜன்னல் வழியாக அவள் ஆண்டுதோறும் பார்க்கிற நிறம்.

“மாசத்துப் பேர்ல ஒரு பாம்பா? எவன் வாங்குவான்? ‘வெள்ளிப் புயல்’னு வை. அள்ளிக்கிட்டுப் போவானுங்க,” என்றான் லைல்.

“புயல வாங்குறவங்களுக்கு நீ டயர் வித்துக்கோ. இது மார்ச்தான்.”

ஓட்மீலோடு சேர்த்த பிறகு முதலில் முட்டை வைத்தது லைல் வளர்த்த பெண் பாம்பு. குளிர் விடாத காலம். கோழிமுட்டையைவிட நீளமான, தோல்போல் மெத்தென்ற வெள்ளை முட்டைகளைச் சுற்றி அது தன்னைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. மார்லிஸ் அதை மெல்லப் பிரித்து, முட்டைகளைப் புரளாமல் எடுத்து, சூடு மாறாத அடைப்பெட்டியில் வைத்தாள்.

முட்டைகள் பாதி வளர்ச்சியில் இருந்தபோது பனிமழை அடித்தது. மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் ஐஸ் ஏறி, ஊரே கண்ணாடிக்கடைபோல் ஆனது. கம்பிகள் அறுந்து மின்சாரம் போனது. நிலவறை குளிர்ந்துகொண்டே வந்தது. மார்லிஸ் எரிவாயு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாட்டில்களில் நிரப்பித் துணியில் சுற்றி, மீன்பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் ஐஸ் பெட்டிக்குள் முட்டைகளோடு அடுக்கினாள். ஆறிய பாட்டிலை எடுப்பதும் சூடானதை வைப்பதுமாக அன்று முழுக்கப் போனது. ஒரு தடவை நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டாள். விழித்துப் பார்த்தபோது பெட்டியின் சூடு வெகுவாக இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் அக்காவின் கணவர் கர்ட், பன்றிப் பண்ணையிலிருந்து ஜெனரேட்டரை டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கிடாப்பன்றியைத் தனியாளாக மடக்குகிற மனிதர். நிலவறைப் படிக்கட்டின் தலைப்பில் வந்ததும் நின்றுவிட்டார்.

“ஒயர இங்கேருந்து கீழ விடறேன். நீ புடிச்சிக்கோ.”

“கீழ வந்து மாட்டிக் குடுங்க அத்தான். எல்லாம் டப்பாக்குள்ளதான் இருக்கு.”

“பன்றிங்கள காக்க வச்சிட்டு உன் பாம்பு முட்டைக்குக் கரண்ட் கொண்டாந்திருக்கேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காத. உங்கக்காகிட்ட இத சொல்லவும் சொல்லாத.”

முட்டைகள் பிழைத்தன. நாள் வந்தபோது ஓட்டில் கீறல்கள் விழுந்து ஒவ்வொன்றாகச் சின்ன மூக்குகள் எட்டிப் பார்த்தன. பழுப்பு, பழுப்பு, மறுபடி பழுப்பு. லைல் பெட்டிக்கு மேல் குனிந்து நின்றுகொண்டு மூச்சுவிடவே மறந்துபோனான். கடைசி முட்டையின் கீறலில் தெரிந்த மூக்கு வைக்கோல் நிறத்தில் இருந்தது.

லைல் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “அடியே தபால்காரி! வந்துட்டாண்டி!”

“விடுடா, வயசான காலத்துல எலும்ப ஒடச்சிடாத,” என்றாள். ஆனால் அவளுக்கும் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

முட்டையிலிருந்து முழுதாக வெளியே வந்த குட்டி அழகாக இருந்தது. அப்பனைவிடத் தெளிவான நிறம், செம்புக் கோடு இன்னும் கூர்மையாக. முதல் தோலை உரித்ததும் இரை கொடுத்தாள். குட்டி தலையைத் தூக்கியது. தூக்கிய தலை நேராக நிற்கவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, மெல்லத் திருகி, தாடை மேலே பார்க்கும்படி முழுதாகப் புரண்டது. அப்படியே ஆடிக்கொண்டு நின்றது. பிறகு குட்டி பின்பக்கமாகவே சாய்ந்து விழுந்தது.

“பனிமழைதான்,” என்றான் லைல், அவள் வாய் திறக்குமுன். “முட்டையில குளிரு பட்டுடுச்சு. நரம்புல அடிச்சிருக்கும்.”

அப்படியும் இருக்கலாம். முட்டை குளிர்ந்தால் குட்டிக்கு என்னென்னவோ ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். கண் அசந்த அந்த நேரத்தை நினைத்து நினைத்து மருகினாள். ஆனால் அதே பெட்டியில், அதே குளிரில் இருந்த பழுப்புக் குட்டிகள் எதற்கும் தலை ஆடவில்லை. இதை அவள் லைலிடம் சொன்னாள்.

“ஒண்ணே ஒண்ண வச்சு எதையும் சொல்ல முடியாது மார்லிஸ். உன்கிட்ட இருக்கிற பொண்ணு அடுத்த தடவ முட்டை வைக்கட்டும். பாப்போம்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. காத்திருந்தாள். ஆனால் லைலுக்கு வாய் நிற்கவில்லை. தெற்கே மிசூரி மாநிலத்தில் பெரிய அளவில் பாம்பு வளர்க்கும் ஒருவனிடம் நிறத்தைப் பற்றிச் சொல்லி, படமும் அனுப்பிவிட்டான். தலையைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்து வருகிற வெளிர் குட்டிகள் அத்தனையும் தனக்கே வேண்டும் என்றான் அந்த ஆள். லைல் கடைக்கு வண்டி தூக்கும் புது லிஃப்ட் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மார்லிஸின் ஜீப்பும் இழுத்துப் பறித்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காத்திருப்பின் நடுவே மார்லிஸுக்கு ஒரு நாள் உள்காதில் ஏதோ பிசகியது. காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்றவளுக்குச் சுவர், விளக்கு, தரை எல்லாம் சுழன்றன. கீழே எது மேலே எது என்று தெரியாமல், குளிர்ந்த தரையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு கிடந்தாள். ஜோலீன் வந்து எழுப்பி, டாக்டரிடம் கூட்டிப்போய், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிச் செய்யும் வைத்தியம் ஒன்றைச் செய்த பிறகுதான் உலகம் நின்றது.

அதன் பிறகு அந்தக் குட்டிக்கு இரை கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குளியலறைத் தரை ஞாபகம் வந்தது. பாம்புக்கும் அப்படித்தான் இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இருக்காது என்றும் சொல்லத் தெரியவில்லை.

அவளிடம் வளர்ந்த பெண் முட்டை வைத்தபோது பனி இல்லை, புயல் இல்லை, விளக்குகூட ஒரு தடவை மினுக்கவில்லை. அடைப்பெட்டியின் சூடு ஒரு இம்மியும் மாறவில்லை. அந்த முட்டைகளிலிருந்து பாதிக் குட்டிகள் வைக்கோல் நிறத்தில் வந்தன. லைல் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தான்.

ஒவ்வொரு வெளிர் குட்டிக்கும் மார்லிஸ் தனித்தனியாக இரை காட்டினாள். முதல் குட்டியின் தலை லேசாக நடுங்கியது. இரண்டாவது பாய்ந்து, இரையை விட்டுவிட்டு, தன் உடம்பிலேயே போய் முட்டிக்கொண்டது. மூன்றாவது அப்படியே மல்லாந்துவிட்டது. பழுப்புக் குட்டிகள் தம் பாட்டுக்குப் பாய்ந்து கவ்வி விழுங்கிக்கொண்டிருந்தன.

மார்லிஸ் இடுக்கியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் ஓட்மீலின் இழுப்பறையைத் திறந்தாள். அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. இவ்வளவு காலம் கவனித்திராத ஒன்றை அப்போது கவனித்தாள். ஒரு நூலிழை அளவுக்கு அந்தத் தலை ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. நிதானமானவன், அவசரப்படாதவன் என்று அவள் பெருமையாகச் சொல்லி வந்தவன். அவன் குறி தப்பும்போதெல்லாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

“நிறமும் இதுவும் ஒண்ணாத்தான் வருது லைல்,” என்றாள். “பிரிக்க முடியாது.”

லைல் படிக்கட்டில் உட்கார்ந்தான். பிறகு, “சரி, ஆடுது. ஆடட்டும். ‘ஸ்பைடர்’னு ஒரு வகை இருக்கே, அதுக்குந்தான் ஆடுது. வருஷக்கணக்கா விக்கிறாங்க, ஜனங்க ஆசையா வாங்குறாங்க.”

“நான் அத வளக்கல. உனக்கே தெரியும்.”

“சாப்பிடுது. தோல் உரிக்குது. ஓட்மீல் இத்தன வருஷம் நல்லாத்தானே இருக்கான்? பாம்புக்கு அதுக்கு மேல என்ன வேணும்?”

“அவன் லேசா ஆடுறான். இதுங்களப் பாரு. அடுத்த தலமுறை எப்படி வரும்னு நீ சொல்லுவியா? மிசூரிக்காரன் நூறா ஆயிரமா பெருக்குவான். அதுல மல்லாந்து கெடக்குறத எல்லாம் யாரு எடுத்து ஊட்டுவா?”

“அது அவன் கவல.”

“அவன் ஃப்ரீசர்ல போட்டுக் கொன்னுடுவான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

லைலின் முகம் சிவந்தது. “நான் அந்தப் பொண்ணப் புள்ள மாதிரி வளத்தேன் மார்லிஸ். என் கை எலிய தின்னு வளந்தது அது. இதுல எனக்கும் பாதி இருக்கு. நீ பாட்டுக்கு ஒத்த ஆளா முடிவு பண்ணுவியா?”

“உன் பாதிய நான் மறுக்கல. உன் பொண்ண எடுத்துக்கோ. இதுல ஒரு குட்டியும் எடுத்துக்கோ. ஆனா ஓட்மீல இனிமே யாரோடயும் சேர்க்க மாட்டேன்.”

அவன் எடுத்துக்கொண்டான். அதிகம் ஆடாத குட்டியாகப் பார்த்து, லேசாக நடுங்கியதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, படியேறிப் போனான். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மார்லிஸ் மறுநாள் குட்டிகள் இரை எடுப்பதைப் படம் பிடித்து, பாம்பு வளர்ப்பவர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டாள். என்ன நிறம், எப்படி வந்தது, கூடவே என்ன வந்தது என்று நாலு வரி எழுதினாள். அந்த நிறம் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் பழுப்பு ஆண் குட்டிகளை முன்பு வாங்கிப்போயிருந்தவர்களுக்கும், யாரும் கேட்காமலே, ஒவ்வொருவராகப் போன் செய்து, செல்லமாக வளர்க்கலாம், இனப்பெருக்கம் வேண்டாம் என்றாள். ஒருத்தி அழுதாள். ஒருவன் பணத்தைத் திருப்பிக் கேட்டான், கொடுத்துவிட்டாள். குழுவில் சிலர் நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். சிலர், முட்டையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் பழியை ரத்தத்தின் மேல் போடுகிறாள் என்றார்கள். ஊனமான பாம்புகளை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அது அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஜோலீன் மிளகாய் போட்ட சூடான இறைச்சிக் குழம்பும், கூடவே அந்த ஊர் வழக்கப்படி இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருளும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“கேள்விப்பட்டேன். கர்ட்தான் சொன்னாரு. அந்த ஆளுக்குப் பாம்பு விஷயம் எல்லாம் எப்படித் தெரியுதுன்னு புரியல.”

மார்லிஸ் சிரித்துவிட்டாள்.

“சிரிக்காத. நான் ஒண்ணு கேக்குறேன். அதுங்களுக்கு வலிக்குதா?”

“தெரியலக்கா. வலிக்கலன்னுதான் நெனைக்கிறேன். இருட்டா, நெருக்கமா இருந்தா ஆட்டம் கொறையுது. கையால பக்கத்துல வச்சா சாப்பிடுதுங்க.”

“அப்ப ஊட்டு,” என்றாள் ஜோலீன். “ஊட்ட ஆள் இருக்கிற வரைக்கும் என்ன.” பிறகு, ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டவள்போல், “குழம்பு ஆறுது பாரு,” என்று அதட்டினாள்.

லைலின் கடை மார்லிஸின் தபால் பாதையில்தான் இருந்தது. முன்பெல்லாம் ஜீப் சத்தம் கேட்டாலே கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கதை பேசுவான். இப்போது பெட்டியைத் திறந்து, தபாலை வைத்து, மூடிவிட்டுப் போவாள். கடைக்குள் லிஃப்டின் சத்தம் கேட்கும். ஆள் வரமாட்டான். இலையுதிர் காலத்துக் கண்காட்சிக்கு அவள் தனியாகப் போனாள். பேச ஆளில்லாமல் அவளே தொண்டை கட்டும்வரை பேச வேண்டியிருந்தது. அவன் பெண் பாம்பை மிசூரிக்கு அனுப்பிவிட்டானா என்று யாரையும் அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அடுத்த கோடையில், சோளம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த ஒரு நாள், தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே லைல் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“உனக்கு அவசரமா?”

“டியூட்டியில இருக்கேன்.”

“முடிஞ்சதும் வரியா? அது சாப்பிட மாட்டேங்குது. மூணு வாரமாச்சு.”

சாயங்காலம் போனாள். கடையின் அலுவலக அறையில், காபி இயந்திரத்துக்கும் டயர் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் அந்த வெளிர் குட்டி. நன்றாக வளர்ந்திருந்தது. தொட்டியின் மேல் ஒட்டுத்தாளில் ‘பேலன்ஸ்’ என்று எழுதியிருந்தது.

“சக்கரம் ஆடினா பேலன்ஸ் போட்டுச் சரி பண்ணுவேன்ல,” என்றான் லைல், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. “கடைக்கு வர்றவங்க எல்லாம் பேரக் கேட்டுச் சிரிப்பாங்க. மொதல்ல நானும் சிரிச்சேன். அப்புறம் தெனமும் இங்க உக்காந்து பாக்குறேன் மார்லிஸ். அது தண்ணி குடிக்கிறதுக்கு எவ்வளவு பாடுபடுதுன்னு நீ பாத்தியா? மூக்கு ஒரு பக்கம் போகுது, தண்ணி ஒரு பக்கம் இருக்கு. பாக்கவே முடியல.”

“மிசூரிக்காரன்?”

“அவன் பொண்ணக் கேட்டுக்கிட்டே இருந்தான். போன எடுக்காம விட்டுட்டேன். பொண்ணு வீட்டுலதான் இருக்கு. சும்மாதான் இருக்கு, யாரோடயும் சேர்க்கல.”

மார்லிஸ் கிட்டே போய்க் குனிந்தாள். தொட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே குழல்விளக்கு, வெளியே லிஃப்டின் இரைச்சல்.

“இதுக்கு இடம் ரொம்பப் பெருசு. வெளிச்சம் வேற. மூணு பக்கமும் அட்டைய ஒட்டு. ஒளிஞ்சிக்கச் சின்னதா ஒரு டப்பா போடு. தண்ணிக் கிண்ணத்த மாத்து, அகலமா, ஆழம் கம்மியா. இப்ப அந்த எலியக் குடு.”

லைல் வெந்நீரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. குட்டியின் முன்னால் இரையை ஆட்டாமல், பக்கவாட்டில், மூக்குக்கு வெகு அருகில் கொண்டுபோய் அசையாமல் பிடித்தாள். தலை திருகியது, நடுங்கியது, நின்றது. மறுபடி திருகியது. அவள் கை நகரவில்லை. குட்டி பாயவில்லை, மெல்ல நீண்டு, வாயைத் திறந்து, இரையின் தலையைப் பிடித்துக்கொண்டது.

லைல் மூச்சை விட்டான்.

“அடுத்த வாரம் நீ புடிக்கிற. நான் பக்கத்துல நிக்கிறேன்,” என்றாள் மார்லிஸ்.

“எனக்குக் கை நடுங்கும்.”

“நடுங்கட்டும். அதுவும் நடுங்குது, நீயும் நடுங்கு. ரெண்டு பேருக்கும் பழகிடும்.”

வெளியே யாரோ டிரக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். லைல் எழுந்திருக்கவில்லை. இரையின் வால் முழுதாக உள்ளே போகும்வரை, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.